ரூட் 66 பக்கம் டர்க்காய்ஸ் (வானநீல நிறக் கல்) நகை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அரிசோனாவில் பழைய ரூட் 66 சாலையைச் சுற்றிப் பார்க்க வீக்எண்ட் கிளம்புகிறவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். வரியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 340 டாலர் கொடுத்துச் சாயம் போட்ட கல் வாங்கி வந்திருக்கிறேன். கார்டு கம்பெனியில் புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. அந்தக் கடை வைத்திருந்த மாதிரி விளம்பரப் பலகையை அந்தப் பாதையில் வேறு இடங்களிலும் பார்த்தேன்.

அம்மா மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதம். கிராண்ட் கேன்யன் காட்டியாகிவிட்டது. "எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கு, பழசா எதுவுமே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சரி, 1926-இல் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போட்ட சாலையைக் காட்டலாம் என்று வெள்ளி சாயந்திரம் கிளம்பினோம். 1985-இல் அந்த நம்பரையே எடுத்துவிட்டார்கள். ஐ-40 என்ற பெரிய ஹைவே வந்ததும் ஊர்களெல்லாம் ஓரமாகப் போய்விட்டன. மிச்சம் இருப்பது துண்டு துண்டாக ரோடு, அதன் ஓரத்தில் நியான் போர்டு, சிமென்ட் டைனோசர், துருப்பிடித்த பெட்ரோல் பம்ப்.

ராத்திரி ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கி, சனிக்கிழமை கிழக்கே போனோம். ட்வின் ஏரோஸில் தரையில் குத்தி நிற்கும் இரண்டு பெரிய அம்பு. வின்ஸ்லோவில், ஒரு பாடலில் ஊர்ப் பெயர் வந்த ஒரே காரணத்துக்காக ஒரு தெருமுனையைப் பூங்காவாக்கி, சிலை வைத்து, பக்கத்தில் ஒரு பழைய ஃபோர்டு லாரியையும் நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் அங்கேதான். நடுவில் விண்கல் விழுந்த பள்ளம், சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது தனியார் இடம், நேஷனல் பார்க் பாஸ் அங்கே செல்லாது. வாசலில் போய் முழிக்காதீர்கள்.

ஜோசப் சிட்டி பக்கம் மஞ்சள் பலகையில் கறுப்பு முயல் உட்கார்ந்து 'இதோ இங்கேதான்' என்று சொல்லும் இடத்தில், பெரிய முயல் பொம்மைமேல் என் வீட்டுக்காரரை ஏற்றி உட்காரவைத்துப் போட்டோ எடுத்தோம். (நான் ஏமாந்த கடை அது இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.) ஹோல்புரூக்கில் 1950-இல் கட்டிய விக்வாம் மோட்டல். சிமென்டில் 15 கூம்புக் குடிசை, ஒவ்வொன்றின் முன்னாலும் பழைய கார். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல இந்த ஊர்க்காரங்க யாரு குடியிருந்தா?" என்றாள். யாரும் இல்லை. கூம்பு வடிவம் டீபி, அது சமவெளிப் பகுதிப் பழங்குடி மக்களுடையது. விக்வாம் என்பது கவிழ்த்த கூடை மாதிரி வேறு வீடு. இந்தப் பக்கத்துப் பழங்குடியினரான நவாஹோ மக்கள் இருந்தது ஹோகன் என்ற வீட்டில். பெயரும் தப்பு, ஊரும் தப்பு, ஆனால் அழகாக இருக்கிறது. அன்றைக்கு இதை ஜோக்காகத்தான் சொன்னேன்.

இந்த ரோட்டோர வேடிக்கைகள் எல்லாமே ஓடுகிற காரை நிறுத்திக் கடைக்குள் இழுக்கப் போட்ட தூண்டில்தான். முயலும் சரி, டைனோசரும் சரி, இலவச பாத்ரூமும் சரி. அதைத் தெரிந்துகொண்டே, தூண்டிலைப் போட்டோ எடுத்த கையோடு நானும் போய்க் கடித்தேன்.

பத்து மைலுக்கு முன்னாலிருந்தே சிவப்பு எழுத்தில் பலகை. 'நவாஹோ நகை', 'கடை மூடுகிறோம்', '70% தள்ளுபடி'. உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டி நிறைய டர்க்காய்ஸ். வானநீலத்தில் சாம்பல் நரம்பு ஓடும் கல், அகலமான வெள்ளி வளையலில். டேக் விலை 480 டாலர், தள்ளுபடி போக 144. கவுண்டரில் இருந்தவர் தேன் மாதிரிப் பேசினார். பக்கத்து ரிசர்வேஷனில் (பழங்குடியினருக்கென ஒதுக்கிய பகுதி) ஒரு பாட்டி கையால் செய்கிறாராம், கண் தெரியவில்லையாம், இதுதான் கடைசி சரக்காம். ஊருக்கு எடுத்துப் போக ஆறு பெண்டன்ட் வேறு, ஒவ்வொன்றும் 28 டாலர்.

அம்மா தெற்காவணி மூல வீதியில் ஒரு மூக்குத்திக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள். வளையலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏன்டி, கல்லுன்னா சில்லுன்னு இருக்கணும். இது என்னமோ மாதிரி இருக்கு. உள்பக்கம் முத்திரையக் காணோமே?" நான், "அம்மா, இங்க அதெல்லாம் ஏமாத்த மாட்டாங்க, சட்டம் இருக்கு" என்றேன். சட்டம் இருப்பது நிஜம்தான்.

அன்று ராத்திரி மோட்டலில் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தேன். ரிமூவரில் நனைந்த பஞ்சு வளையல்மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பஞ்சில் இங்க் பேனா கசிந்த மாதிரி நீலம். அம்மா ஊக்கை எடுத்து ஒரு பெண்டன்டின் பின்பக்கம் மெதுவாகக் கீறினாள். உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. யாரும் எதுவும் பேசவில்லை. "மாப்பிள்ளை தூங்கட்டும், காலைல சொல்லிக்கலாம்" என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

(அந்த மோட்டல் கதை தனி. கூகுளில் மேலே வந்த விளம்பரத்தை அமுக்கி புக் செய்தேன். மோட்டலின் சொந்த சைட் என்றே நினைத்தேன். 89 டாலர் என்று தொடங்கி 'சர்வீஸ்' சேர்ந்து 139 ஆனது. கவுண்டரில் இருந்த குஜராத்தி ஆண்ட்டி, "எங்களுக்கே போன் பண்ணிருந்தா 80-க்குக் குடுத்திருப்பேனே" என்று இந்தியில் வருத்தப்பட்டார். 2025 மே 12 முதல் தங்குமிடத்துக்கு முழுக் கட்டணத்தையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று எஃப்டிசி (அமெரிக்க அரசின் வணிக ஆணையம்) விதி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தொகை ஏறினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர்களிடம் புகார் போடுங்கள்.)

ஞாயிறு காலை கடைக்குத் திரும்பிப் போனோம். அதே ஆள்தான், தேன் மட்டும் இல்லை. "நான் நவாஹோ என்றா சொன்னேன்? நவாஹோ ஸ்டைல் என்றேன்." பாட்டியைப் பற்றிக் கேட்டேன், எந்தப் பாட்டி என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் 'டர்க் ஸ்டைல் பிரேஸ்லெட்' என்று அச்சடித்திருக்கிறது. வாங்கும்போது அதைப் படிக்காதது என் புத்தி. விற்றது திரும்ப எடுக்கப்படாது என்ற அட்டை, கச்சினா என்ற பழங்குடிப் பொம்மைகளுக்குப் பின்னால், பாதி மறைந்து.

ஃபீனிக்ஸில் கல் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கல் ஹௌலைட். இயல்பில் வெள்ளை, சாம்பல் நரம்பு தானாகவே இருக்கும், அதனால் நீலச் சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் போலவே தெரியுமாம். உலோகம் நிக்கல் சில்வர். பெயரில் மட்டும்தான் வெள்ளி.

அவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 925 முத்திரையைத் தேடுங்கள். முத்திரையும் போலியாக இருக்கலாம், ஆனால் அதுகூட இல்லாததை வெள்ளி விலைக்கு வாங்காதீர்கள். கல் இயற்கையா, பிசின் ஏற்றி உறுதிப்படுத்தியதா, சாயமா என்று நேராகக் கேளுங்கள். பிசின் ஏற்றியது ஏமாற்று இல்லை, மென்மையான டர்க்காய்ஸை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சொல்லி விற்க வேண்டும். செய்தவர் பெயர், எந்தப் பழங்குடி, என்ன கல், என்ன உலோகம், நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் எழுதிக் கொடுப்பார். 'ஸ்டைல்', 'இன்ஸ்பயர்டு' என்று இழுத்தால் வெளியே வந்துவிடுங்கள். ரிமூவர் பஞ்சைக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள், நல்ல கல்லும் கெட்டுவிடும்.

1990-இல் வந்த இந்தியக் கலை கைவினைச் சட்டப்படி (இங்கே 'இந்தியர்' என்றால் அமெரிக்கப் பழங்குடியினர்), பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது குற்றம். தனி ஆளுக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. உள்துறையின் கீழ் இருக்கும் கைவினை வாரியத்துக்குப் புகார் எழுதலாம், எழுதியிருக்கிறேன். ஆனால் வாயால் சொன்ன பாட்டிக்கு என்ன சாட்சி? கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பிவிடுங்கள். நாங்கள் திரும்பக் கடைக்குப் போய்ப் பேசியதற்கும் ஆதாரம் கேட்டார்கள். நல்ல வேளை, வாசலில் தேதியோடு போட்டோ எடுத்திருந்தேன். கடைக்காரர் பதிலுக்கு அந்த 'ஸ்டைல்' பில்லின் நகலை அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

நிஜ நகை வேண்டுமென்றால் ஃபீனிக்ஸில் ஹெர்ட் மியூசியம் கடை இருக்கிறது, கலைஞர்களிடமே நேரடியாக வாங்கி விற்கிறார்கள். ஊர் சுற்றிக்கொண்டேதான் வாங்குவேன் என்றால் கனாடோவில் 1878 முதல் நடக்கும் ஹப்பெல் வணிகச் சாவடி, இப்போது நேஷனல் பார்க் சர்வீஸ் வசம். விலை அதிகம்தான். 144 டாலருக்கு அந்த அகல வளையல் எங்கேயும் கிடைக்காது என்று அங்கே முதலில் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆறு பெண்டன்டையும் அம்மா பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புகாருக்கு வேண்டும் என்று ஒன்றை மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறேன். "மிச்சத்த பாசிமணின்னு சொல்லிக் குடுத்துக்கறேன், போ. அவளுங்க என்ன ஊக்க வச்சாப் பாக்கப் போறாளுக" என்கிறாள்.