8×42 இருநோக்கி: புழல் முதல் பழவேற்காடு வரை ஒரு நாள்

பறவை பார்க்க இருநோக்கி வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எது அதிகம் பெரிதாக்கிக் காட்டும் என்பதுதான். நானும் அந்தக் கேள்வியோடுதான் கடைக்குப் போனேன். கையில் எடுத்துப் பார்த்த பிறகு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ.) வாங்கி வந்தேன். நண்பரிடம் இருப்பது 10×42. தை மாதத்து ஞாயிறு ஒன்றில், விடியுமுன்பே தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி, நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

புழல் ஏரிக்கரையில் வெளிச்சம் சரியாக வரவில்லை. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: என்னுடையதில் 5.25 மி.மீ., அவருடையதில் 4.2 மி.மீ. கணக்கில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு அந்த அரையிருட்டில் நன்றாகவே தெரிந்தது. நாமக்கோழியின் வெள்ளை நெற்றியையும் தாழைக்கோழியின் சிவப்பு நெற்றியையும் நான் பிரித்துச் சொன்னபோது, நண்பருக்கு இரண்டும் கறுப்புப் பறவைகளாகவே தெரிந்தன.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் உப்புக்காற்றில் இரண்டு கருவிகளிலும் ஆவி படிந்தது. என்னுடையதில் வெளிப்பக்கம் மட்டும்தான். சில நிமிடங்களில் விலகிவிட்டது. நண்பருடையதில் உள்ளேயும் படர்ந்து, அரை மணி நேரத்துக்கு மேல் அது பயன்படவில்லை. நீர் புகாது என்று சொல்லித்தான் கடைக்காரர் அவரிடம் விற்றிருக்கிறார். உள்ளே ஆவி படியாதபடி நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவிதானா என்பதை வாங்கும்போதே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

அங்கே கண்டல் ஓரமாக நின்ற கூழைக்கடாக்களை நீண்ட நேரம் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறுத்து நின்ற கூழைக்கடாக்களை மறக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொன்றின் மார்பையும் இறக்கை ஓரத்தையும் தேடிப் பார்த்தேன். எல்லாம் வெளுப்பாக இருந்தன. ஒன்று தன் அலகால் முதுகிறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தது.

மீஞ்சூரைத் தாண்டி ஒரு பனந்தோப்பில் பனை உழவாரன்கள் சுற்றின. அவை ஒரு கணமும் நிற்பதில்லை. 8 மடங்குக் கருவியில் பொதுவாகவே பார்வைப்பரப்பு அகலமாக இருப்பதால், பறவையை விடாமல் தொடர்ந்து, அது காய்ந்த ஓலையின் அடியில் போய் ஒட்டிக்கொள்வது வரை பார்க்க முடிந்தது. எச்சிலால் இறகுகளை ஓலையில் ஒட்டித்தான் அது கூடு கட்டுகிறது.

பழவேற்காட்டில் படகேறியதும் முடிவு தெளிவாகிவிட்டது. படகு ஆடும்போது கையின் நடுக்கமும் சேர்ந்து, 10 மடங்கில் பூநாரைக் கூட்டம் துள்ளிக்கொண்டே இருந்தது. எட்டு மடங்கில், அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி அவை இரை வடிகட்டுவதை நிதானமாகப் பார்த்தோம். அசையாத கரையில், சேற்றுத்திட்டில் வெகு தொலைவில் நின்ற உப்புக்கொத்திகளைப் பிரித்தறிய நண்பருடையதே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெயில் ஏறிக் கானல் எழுந்த பிறகு, அது கானலையும் சேர்த்தே பெரிதாக்கியதால் அந்தச் சாதகமும் போய்விட்டது.

என்னுடையதிலும் குறை உண்டு. மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதால் கண் வைக்கும் பக்கத்திலுள்ள கண்வளையத்தை முழுவதும் உள்ளே திருகிவைத்தே பார்க்கிறேன். அது தளர்வாக இருப்பதால் பைக்குள் உரசி அடிக்கடி வெளியே வந்துவிடுகிறது. உடன் வந்த மெல்லிய வார் மதியத்துக்குள் கழுத்தை அறுத்தது. அகலமான துணிவார் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டியிருக்கிறேன். படகிலிருந்து இறங்கியதும் வில்லையில் உப்புப்பொடி படிந்திருக்கும். அதை அப்படியே துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.