லாங் பஜாரில் வாங்கிய பெரிய கேரம் போர்டு

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். அங்கே வரும் பையன்களுக்காக வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் இந்த போர்டை வாங்கினேன். போட்டிகளில் வைக்கும் அளவு, ஆடும் பரப்பு 29 அங்குலச் சதுரம். சின்ன போர்டு வாங்காதீர்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் முட்டி இடிக்கும், அதிலேயே சண்டை வரும்.

ஏழாம் வகுப்புப் பையன்களில் ஏற்கெனவே இரண்டு கோஷ்டி. பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடும்போது ஒரு ரன் அவுட்டில் ஆரம்பித்த தகராறு, ஒரே பாயில் உட்கார மாட்டோம் என்பதுவரை வந்துவிட்டது. மே மாத வேலூர் வெயிலில் மதியம் யாரையும் வெளியே அனுப்பவும் முடியாது.

கேரம் டபுள்ஸில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். இரண்டு கோஷ்டித் தலைவர்களையும் ஒரே ஜோடியாகப் போட்டேன். ரொம்ப நேரம் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஒருவன் ரெட் என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டான். 3 பாயின்ட்தான், ஆனால் உடனே ஃபாலோ, அதாவது தன் நிறக் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லையென்றால் ரெட் நடுவட்டத்துக்கே திரும்பிவிடும். அவன் திணறுவதைப் பார்த்து எதிரே இருந்தவன், குழியோரம் தொட்டுக்கொண்டு நின்ற வெள்ளைக் காயைக் காட்டி, "டேய், உனக்காகத்தான்டா அதைத் தள்ளி வெச்சேன். மெதுவா தட்டு" என்றான். காய் விழுந்ததும் இருவரும் எழுந்து கத்தியது கீழ்வீடு வரை கேட்டது. போன மாதம் ஒருவனுக்கு அம்மை போட்டபோது, மற்றவன்தான் அவனுக்கு நோட்டெல்லாம் எழுதிக் கொடுத்தான்.

போர்டுக்கு வருகிறேன். பலகை நல்ல வழவழப்பு, கொஞ்சம் பவுடரிலேயே காய் ஓடுகிறது. சட்டம் கனமானது, அடித்த காய் நன்றாகத் திரும்பி வருகிறது. கூடவே தந்த ஸ்ட்ரைக்கர்தான் சரியில்லை, ரொம்ப லேசு. 15 கிராம் வரை விதிப்படி வைத்துக்கொள்ளலாம், அதையொட்டிய எடையில் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். மூலை வலை ஒன்றும் சீக்கிரமே அறுந்துபோனது. கடையில் கேட்டால் மாற்றித் தர மாட்டோம் என்றார்கள், அது வருத்தம்தான். மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஈரம் ஏறிப் பலகை உப்பிவிடும்.

விலை சின்ன போர்டைவிட நன்றாகவே அதிகம். பையன்கள் கூடும் வீடாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். முதல் சில நாள் மட்டும் ஜோடியை நீங்களே போடுங்கள், அவர்கள் கையில் விடாதீர்கள்.