பூனைப் பெட்டியும் லொடலொடக்கும் கதவும்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: “அக்கா, சென்னைக்கு மாத்தலாகிப் போறோம். பூனையை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னே தெரியலை. நீங்க வெச்சிருக்கிற பெட்டியையே வாங்கிடட்டுமா?” சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 340 கிலோமீட்டர். வழியில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ‘வாங்கிக்கோ’ என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்தப் பெட்டியின் தாழ்ப்பாளை மூன்றாவது தடவையாகச் சரிபண்ணி எடுத்து வந்திருந்தேன்.

எல்லோரும் பார்த்திருக்கும் பெட்டிதான். மேலும் கீழும் பிளாஸ்டிக், முன்னால் கம்பிக் கதவு. எங்கள் பூனை கருப்பாயியை அதில் வைத்து வருடா வருடம் கோடைக்கு ஏற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். பெங்களூரில் மகள் வீட்டுக்கு நான்கு தடவை போயிருக்கிறோம்.

முதல் ஏற்காடு பயணத்தை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அடிவாரம் தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் கத்த ஆரம்பித்தவள், இருபதாவது வளைவு வரை நிறுத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்த ஓலம் அது. எச்சில் ஒழுகிக் கழுத்து மயிரெல்லாம் நனைந்துவிட்டது. பாதி வழியில் வாந்தியும் எடுத்தாள். வளைவுதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஆனால் பெங்களூர் ரோட்டில், தர்மபுரி தாண்டி நேராகப் போகும்போதும் அதே ஓலம்.

அந்தப் பயணத்தில் பின்சீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைத் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று கம்பிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டாள். கையை எடுத்தேன், திரும்பக் கத்தினாள். வைத்தேன், அடங்கினாள். என் கைக்குத்தான் அடங்குகிறாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கை இல்லாதபோது கதவு ஓயாமல் ‘கடகட, கடகட’ என்று அடித்துக்கொண்டிருந்தது. கதவுக் கம்பியின் நுனிகள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் ஓட்டைகள், கம்பியைவிட இரண்டு மடங்கு பெரிது. ரோட்டில் சின்னக் குலுங்கல் வந்தாலும் கம்பி அதற்குள் ஆடுகிறது. சத்தத்தின் கீச்சு அளவு 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் நமக்குக் காது கேட்காது. பூனைக்கு 60-க்கு மேலும் கேட்கும். அந்தக் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நான்கு மணி நேரம், இரும்பு அடித்துக்கொண்டே இருந்தால் அது என்ன செய்யும்?

ஊருக்கு வந்ததும் சைக்கிள் கடையில் பழைய டியூபில் ஒரு துண்டு வாங்கினேன். சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டி, கம்பி நுனிகளில் இரண்டு சுற்று சுற்றி, ஓட்டைக்குள் அழுத்தி உட்கார வைத்தேன். தாழ்ப்பாள் போய் விழும் இடத்திலும் ஒரு பட்டை. பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அடுத்த ஏற்காடு பயணத்தில் ஐந்தாறு வளைவுக்கு முனகினாள், அப்புறம் படுத்துவிட்டாள். இந்த மூன்று வருடத்தில் நான் செய்ததிலேயே அவளுக்கு அதிகம் உதவியது இதுதான்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை வருடம் முழுக்கக் கூடத்தில் கதவைக் கழற்றிப் போட்டு வைத்திருக்கிறோம். அவள் தினமும் தூங்கும் இடமே அதுதான். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுவோம். அவள் படுத்துப் புரண்ட பழைய நூல் புடவையைத் துவைக்காமல் பெட்டிமேல் மூடுவோம், காற்றுப் போக ஒரு பக்கம் விட்டுத்தான். பெட்டி இருப்பது முன்சீட்டுக்குப் பின்னால் தரையில். சீட்டின் மேல் வைத்தால் பிரேக் போடும்போது சரிகிறது. நீண்ட பயணத்துக்கு எங்கள் கால்நடை மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் கபாபென்டின் என்ற மருந்தை அவள் எடைக்குத் தகுந்த அளவில் எழுதித் தந்தார். கிளம்ப இரண்டு மணி நேரம் முன் கொடுக்கவேண்டும். முதலில் வீட்டில் சும்மா இருக்கும் ஒரு நாளில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், கால் கொஞ்சம் தள்ளாடியது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. தயவுசெய்து யாரும் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதே மாதிரி, பூனை நாய் போல வாயைத் திறந்து மூச்சிரைக்க ஆரம்பித்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. வண்டியை நிறுத்தி, ஏசியைக் கூட்டி, அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும்.

பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மேல்பாதியைத் தனியாகக் கழற்ற முடிவது. டாக்டர் மேஜையில் அவளை இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். மூடியைத் தூக்கினால் போதும், கீழ்பாதியில் புடவைமேல் உட்கார்ந்தபடியே ஊசி போட்டுக்கொள்கிறாள். இதற்காகவே யாருக்கும் சிபாரிசு செய்யலாம்.

ஆனால் அந்தத் தாழ்ப்பாள்! பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கார்க் கதவைத் திறக்கிறேன், தாழ்ப்பாளின் ஸ்பிரிங் தெறித்து, கருப்பாயி தலையும் முன்காலும் வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. தோளைப் பிடித்து உள்ளே தள்ளியபோது என் கை நடுங்கியது நிற்கவே இல்லை. தயாரித்த கம்பெனிக்குப் போன் போட்டால், ஸ்பிரிங் தனியாகத் தரமாட்டார்களாம், புதுப் பெட்டியே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரு சின்ன ஸ்பிரிங்குக்கு! இப்போது சாவிக்கொத்துக் கொக்கி இரண்டை மேலும் கீழும் மாட்டித்தான் எடுத்துப்போகிறேன்.

அதனால் அந்தப் பெண்ணிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். உயிரை உள்ளே வைத்துக் கொண்டுபோகும் பெட்டிக்கு ஒரு தாழ்ப்பாளை ஒழுங்காகச் செய்யாதவர்களுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பெட்டியையே, டியூபும் கொக்கியும் இருக்கிறபடி, கழுவிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் பூனை அதில் ஏறி இறங்கிப் பழக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் திருப்பித் தந்துவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மே மாதம் ஏற்காடு போக எங்களுக்கு அது வேண்டும்.