ஜோடிக்கு ஹார்மோன் பேக்கேஜ்: 14,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

வேலூர்க்காரிக்கு வேர்ப்பதெல்லாம் ஒரு விஷயமா? மே மாதம் சத்துவாச்சாரியில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் முதுகில் ஓடும், அதனால் முதல் ஆறு மாதம் நான் கண்டுகொள்ளவே இல்லை. மார்கழியில் விடியற்காலை கோலம் போடக் குனிந்தவளுக்குக் குப்பென்று கழுத்திலிருந்து நெற்றிவரை சூடு ஏறி, ஸ்வெட்டரைக் கழற்றிப் படியில் வீசினேன் பாருங்கள், அன்றைக்குத்தான் இது வெயில் இல்லை என்று உறைத்தது. வயது 48, பீரியட்ஸ் நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

எங்க வீட்டுக்காரருக்கு 55. எப்பவும் அசதி, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அவர்தான் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினார்: ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஹார்மோன் சிகிச்சை, ஜோடியாக வந்தால் 14,500. கிளினிக் பெயரை இங்கே போடவில்லை, ஊருக்குள்தான் இருக்கிறது.

உபசரிப்பில் குறையே சொல்ல முடியாது. ஏசி, லெமன் டீ, இரண்டு பேருக்கும் ஃபைல். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், அவர் வழியில் இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார், யாரும் கேட்கவில்லை. எனக்குப் பதினெட்டு டெஸ்ட், அது போதாதென்று எச்சில் வேறு. நாலு நாள் கழித்து ரிசல்ட்: அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் 270, குறைவு, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இன்றைக்கே ஆரம்பிக்கலாம். எனக்கு 'இயற்கை ஹார்மோன்' என்று ஒரு கிரீம் டப்பா, மேலே அவர்கள் லேபிள் மட்டும்தான், எவ்வளவு மருந்து இருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது. கர்ப்பப்பை எடுத்தாச்சா, வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி வந்ததா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, பிரஷர் எவ்வளவு, இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம் என் நாத்தனார் சொல்லி வேறொரு மகளிர் டாக்டரிடம் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், டீயெல்லாம் கிடையாது. ஆனால் உள்ளே போனதும் மேலே சொன்ன அத்தனை கேள்வியும் வந்தது. பதினெட்டு டெஸ்ட் பேப்பரைப் புரட்டிவிட்டு, "நாற்பத்தஞ்சு தாண்டி ஒரு வருஷமா பீரியட்ஸ் இல்லை, இப்படி வேர்க்குதுன்னா அதுவே போதும்மா, இதுக்கு ஹார்மோன் டெஸ்டே தேவையில்லை" என்றார். எச்சில் ரிப்போர்ட்டைத் தனியாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார், அதை நம்பி மருந்து அளவு எழுத முடியாதாம்.

என் பயத்தைக் கேட்டேன், ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். அந்தப் பயம் பெரும்பாலும் 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தின ஒரு பெரிய ஆய்வால் பரவினதாம், அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், பீரியட்ஸ் நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிறவர்கள் கணக்கு வேறு. ரிஸ்க்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை என்றும் சொன்னார், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எழுதினார்.

எனக்குக் கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் மட்டும் கொடுத்தால் அதன் உள்சுவர் தடித்து அதில் புற்று வர வழியுண்டு, அதனால் ராத்திரி ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரை கூடவே. ஈஸ்ட்ரோஜன் ஜெல்லாக. தோல் வழியாகப் போவதால், மாத்திரையாக விழுங்குகிறபோது வரும் ரத்தம் உறையும் ஆபத்து இதில் குறைவு. குளித்துவிட்டு மேல் கையில் தடவி, காய்கிறவரை ஐந்து நிமிஷம் ரவிக்கை போடாமல் நிற்க வேண்டும், அந்த நேரம் பார்த்துத்தான் பால்காரர் பெல் அடிப்பார். பேரனைத் தூக்குவதற்கு முன்னால் அந்த இடத்தைத் துணியால் மூடிவிடுகிறேன், பிள்ளை தோலில் ஒட்டக்கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி எழுந்து தலையணையைத் திருப்பிப் போடுவது நின்றது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, முகத்தில் இளமையும் திரும்பவில்லை, அதற்கு யாரும் ஜெல் எழுதவுமில்லை.

எங்க வீட்டுக்காரர் கதை இன்னும் வேடிக்கை. அவரை ஒரு பொது மருத்துவரிடம் காட்டினோம். ஆண்களுக்கு இந்த ஹார்மோன் காலையில்தான் ஏறி நிற்கும், சாப்பிட்டால் இறங்கும், அதனால் காலையில் வெறும் வயிற்றில், அதுவும் வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்க்க வேண்டுமாம். பார்த்தால் 410, இன்னொரு நாள் 395. பொதுவாக 300-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று பேச்சே. போண்டாவுக்கு ஊசி போட இருந்தார்கள்! சும்மா போட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கெட்டியாகலாம், உடம்பு தானாகச் சுரப்பதும் அடங்கிவிடும், குழந்தை வேண்டும் என்கிற வயதுக்காரர்களுக்கு விந்தணுவே குறையும். உண்மையிலேயே குறைவாக இருந்து போட்டுக்கொள்பவர்களுக்கும் ரத்தம் கெட்டியாகிறதா என்றும், பி.எஸ்.ஏ. என்கிற புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்ட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த மருத்துவர் இவர் கழுத்துச் சுற்றளவை டேப் வைத்து அளந்துவிட்டு என்னைப் பார்த்து, "குறட்டை விடுவாராம்மா?" என்றார். சுவர் அதிரும் என்றேன். நடுவில் மூச்சு நின்று நின்று வருமா என்றார், வரும். அசதிக்குக் காரணம் அதுவாக இருக்கலாமாம், தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம், அதுவரை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லியிருக்கிறார், அவர் கேட்கிற மாதிரி இல்லை.

பேக்கேஜ் பணத்தில் பாதியாவது திரும்பக் கேட்டேன், டெஸ்ட் எடுத்தாகிவிட்டது மேடம் என்றார்கள். அந்தக் கிரீம் டப்பாவை பிரிக்காமல் கொண்டுபோய் ரிசப்ஷன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.