பார்க்வே டிரைவ்: எதில் தொடங்கிக் கேட்கலாம், எங்கே நின்று பார்க்கலாம்

ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் இசைக்குழுவான பார்க்வே டிரைவின் பிந்தைய ஆல்பங்களை ஹெட்போனில் கேட்டுவிட்டு, 'ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) எல்லாம் இவ்வளவு எளிமையாகிவிட்டதே' என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர். அதே பாடல்களைப் பெரிய மைதானத்தில் கேட்டவர்களிடம் அந்தக் குறை அவ்வளவாக இல்லை. மேடையில் எரியும் நெருப்பைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பாடல்களே மைதானத்தின் அளவுக்கு எழுதப்பட்டவை.

2003இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அலைச்சறுக்குக்குப் பேர்போன பைரன் பே ஊரில் தொடங்கிய குழு இது. ஆரம்ப நாட்களில் ஒத்திகை பார்த்த வீடு இருந்த தெருவின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். வின்ஸ்டன் மெக்கால் குரல், ஜெஃப் லிங்கும் லூக் கில்பாட்ரிக்கும் கிதார், பென் கோர்டன் டிரம்ஸ். டி-சர்ட் விற்கும் மேசையில் நின்றுகொண்டிருந்த ஜியா ஓ'கானர் 2006இல் பேஸ் கிதாரைக் கையில் எடுத்தார். அதிலிருந்து ஆள் மாறவே இல்லை. மெட்டல்கோரில் இது அபூர்வம். அந்தப் பிணைப்பும் 2022இல் ஒருமுறை ஆட்டம் கண்டது. தங்களையும் தங்கள் நட்பையும் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்து, வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தையே ரத்து செய்தார்கள்.

முதல் இரண்டு ஆல்பங்களான 'கில்லிங் வித் எ ஸ்மைல்' (2005), 'ஹொரைசன்ஸ்' (2007) இரண்டுக்கும் தயாரிப்பாளர் கில்ஸ்விட்ச் என்கேஜ் குழுவின் கிதார் கலைஞர் ஆடம் டட்கெவிச். இரண்டிலும் வேகம், இழையிழையாகப் பின்னிய லீட் கிதார், நடுவில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி இடிக்கும் பிரேக்டவுன். இனிமையாகப் பாடும் குரலுக்கு இடமே இல்லை, முழுக்க அலறலும் உறுமலும்தான். சகாக்கள் பலர் கோரஸில் மெலடி பாடி வானொலியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் அந்த வேலையைக் கிதாரிடம் கொடுத்தார்கள். 'ஹொரைசன்ஸ்' ஆல்பத்தில் வரும் 'கேரியன்' பாட்டைக் கேட்டால் புரியும். கூட்டம் சேர்ந்து முணுமுணுப்பது வரிகளை அல்ல, கிதார் மெட்டை.

'டீப் புளூ' (2010), ஜோ பரேசி தயாரிப்பு, ஒலியை இன்னும் கரடாக்கியது. ஆஸ்திரேலிய இசைத்துறையின் ஏரியா விருதையும் வாங்கித் தந்தது. 'அட்லஸ்' (2012) கடந்துபோகும் நிலையம்தான், ஆனால் 'வைல்ட் ஐஸ்' என்ற ஒரு பாட்டுக்காகவே நிற்கிறது.

திருப்பம் 'ஐர்' (2015). வேகம் இறங்கியது, ரிஃப்கள் அகலமாயின, வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் வந்தது. பழைய ரசிகர்கள் கோபித்தார்கள். ஆல்பம் ஆஸ்திரேலிய ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்த மாற்றத்தைச் சந்தைக் கணக்காக மட்டும் பார்ப்பது சரியல்ல, இதற்குப் பின்னால் ஒலியின் கணக்கு ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில், ஒரு துடிப்புக்கு நான்கு அடி என்று, இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் டபுள் பேஸ் டிரம் ஓடினால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி வெறும் 75 மில்லிசெகண்ட். பெரிய உள்ளரங்கில் ஒரு சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி அடங்க ஓரிரு விநாடிகூட ஆகும். முந்தைய அடி அடங்குவதற்குள் பத்துப் பதினைந்து அடிகள் அதன்மேல் விழுந்துவிடும். காதுக்கு வருவது ஒரு மொத்த இரைச்சல். சிறிய கிளப்பில் பளிச்சென்று கேட்ட 'ஹொரைசன்ஸ்' காலப் பாடல்கள் உள்ளரங்கில் கலங்கிப்போவது இதனால்தான். 'வைஸ் கிரிப்', 'க்ரஷ்ட்', 'பாட்டம் ஃபீடர்' போன்றவற்றில் அடிகளுக்கு இடையே இடம் இருக்கிறது. கடைசி வரிசை வரை ஒவ்வொரு அடியும் தனியாக வந்து சேரும்.

'ரெவரன்ஸ்' (2018) இன்னொரு ஏரியா விருது வாங்கியது. 'விஷிங் வெல்ஸ்' ஆற்றாமையோடு தொடங்குவதும், இழப்பைப் பற்றிய அமைதியான பாட்டோடு ஆல்பம் முடிவதும் மனசை அசைக்கும். நடுப்பகுதியில் சில கோரஸ்கள் கூட்டத்தை எழுப்பும் கோஷங்களாக மட்டுமே நிற்கின்றன, அவை வீட்டில் கேட்க மெலிந்தவை. 'டார்க்கர் ஸ்டில்' (2022) ஆல்பத்திலும் அதே பலவீனம் உண்டு. ஆனால் விசிலில் தொடங்கி, ஆறு நிமிடத்தைத் தாண்டி மெல்ல மெல்லப் பெருகும் அதன் தலைப்புப் பாட்டு, குரலாக மெக்கால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதற்கு நல்ல சாட்சி.

மேடைக்கு வருவோம். 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழாவில் தலைமைக் குழுவாக ஆடியதுதான் உச்சம். 2020இல் வந்த 'விவா தி அண்டர்டாக்ஸ்' ஆல்பத்தில் அந்த இரவின் பதிவு இருக்கிறது. கூடவே மூன்று பாடல்களின் ஜெர்மன் மொழி வடிவமும். அக்காலக் காட்சிகளின் அமைப்பு கூர்மையானது. தீப்பந்தங்களோடு நடந்து வரும் தொடக்கம், வயலின் கலைஞர்கள் சேரும் நடுப்பகுதி, கடைசியில் டிரம் கூண்டு. டிரம்களும் சிம்பல்களும் சட்டத்தோடு இறுக்கப்பட்டு, கோர்டன் இருக்கையில் பட்டை கட்டி உட்கார, கூண்டு முழு வட்டம் சுழலும். தலைகீழாக இருக்கும்போது குச்சி தானாகத் தோலில் விழாது, ஒவ்வொரு அடியையும் மேல்நோக்கித் தள்ள வேண்டும். கால்களின் எடையும் பெடலுக்கு எதிர்த் திசையில் இழுக்கும். அந்த நிலையிலும் அவர் தாளம் தவறாமல் வாசிப்பதைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு: நல்ல ஒலி வேண்டுமென்றால் மிக்சிங் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நில்லுங்கள். ஒலி அமைப்பாளர் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்தில்தான். தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றால் முக்கிய ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே போய்விடும். நெஞ்சில் பேஸ் இடிக்கும், குரல் தெளியாது, தீப்பிழம்பு எழும்போது முகத்தில் வெக்கை அடிக்கும். அங்கே நிற்பவர்கள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பது நல்லது. கூட்டத்தின் தலைமேல் மிதந்து வருகிறவர்களின் ஷூ பிடரியில் படும்.

ரசிகர்கள் ஒருவரையொருவர் மோதி ஆடும் மோஷ் பிட், மிக்சிங் மேசைக்கும் மேடைக்கும் நடுவில் திறக்கும். பிரேக்டவுனுக்கு முன் கிதார் நின்று டிரம் மட்டும் ஒலித்தால் அதுதான் எச்சரிக்கை, விலக விரும்புகிறவர்கள் அப்போதே பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும். பின்பக்கம் நகர்ந்தால் ஓடிவரும் கூட்டம் இடிக்கும். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கிவிடுவது எழுதாத சட்டம். கயிறு கட்டும் ஷூ, ஜிப் வைத்த பாக்கெட் போதும். மூக்குக் கண்ணாடி வேண்டாம்.

காதடைப்பானில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நையோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஃபோம் அடைப்பான் உயர் சுருதிகளை அதிகம் விழுங்கிவிடுவதால் கிதாரின் கூர்மை போய்விடும், இசைக்கென்று விற்கும் ஃபில்டர் வகை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். ஃபோம்தான் கிடைத்தது என்றால் மெல்லியதாக உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை விரலால் அழுத்திப் பிடியுங்கள். முதல் குழு மேடையேறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் வாக்கன் பதிவில் தொடங்கி 'ஐர்', அதன்பின் 'ஹொரைசன்ஸ்' என்று பின்னோக்கிப் போகலாம். வேகமும் அலறலும் ஏற்கெனவே பழகியவர்கள் நேராக 'ஹொரைசன்ஸ்' பக்கம் போகலாம். நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் 'வைல்ட் ஐஸ்' தொடக்கத்தில் வரும் கூட்டுக்குரல் மெட்டை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் குழு உங்களிடம் இருந்துதான் அதை எதிர்பார்க்கிறது.