ரெண்டு லைன், ஒரு ஸ்பீக்கர், தலைக்கு மேல் ஃபேன்

மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் பொல்லாத நாட்கள். 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் 3பி. மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி தன் செல்லுக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியை வாசிப்பார். நான் திருநகர் வீட்டு மாடி அறையில் கீபோர்டில் கை வைத்தபடி அதைக் கேட்டுத் தட்ட வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊரே முழங்குகிறது, என் பிழைப்போ அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பதில் ஓடுகிறது.

பழைய ஸ்பீக்கர் போனில் முதல் எண் மட்டும் காணாமல் போகும். "நாலு, ரெண்டு, ஒம்போது..." "அதுக்கு முன்னாடி என்னண்ணே?" "மொதல்லருந்து சொல்லவா சார்?" மறுபடி சொல்லும்போதும் அதே எண்ணைத்தான் போன் விழுங்கும்.

இதற்கு நடுவே இன்னொரு நம்பர் அடிக்கும். அது என் மனைவியுடையது, சுங்குடிச் சேலை ஆர்டருக்காக வைத்திருப்பது. அவள் கீழே பார்சல் கட்டிக்கொண்டிருப்பாள். மளிகைக்காரரை ஹோல்டில் போட்டு, சேலை கேட்டு அடித்தவரிடம் "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ரெண்டு லைன் ஸ்பீக்கர் போன் தேடியது இதற்காகத்தான். தேடியதில் ஐந்து வழிகள் கிடைத்தன.

இரண்டு தனித்தனி போன்களை அருகருகே வைப்பதுதான் மலிவு. பானசோனிக் கேஎக்ஸ்-டிஎஸ்880 போன்ற ஒற்றை லைன் ஸ்பீக்கர் செட் இரண்டு வாங்கினால் முடிந்தது. ஆனால் ஒன்றில் பேசும்போது மற்றதன் மணி பேசுகிற போனின் மைக்கிலேயே போய் விழும். இரண்டு லைனையும் சேர்த்து மூவராகப் பேசவும் வழியில்லை. மேசையில் இடம் இருக்கிறவர்களுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

அடுத்தது, எல்லோரும் சொல்வது: "ரெண்டு சிம் போடுற செல்லு இருக்கே, ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்க." ஜாப்ரா ஸ்பீக் 510 மாதிரி வட்டச் சில்லு ஒன்றை மேசையில் வைத்தால் குரல் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, யுஎஸ்பியில் கம்ப்யூட்டருக்கும் போகும். ஜூம் கூட்டமே வேலை என்பவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு இதையே வாங்கலாம். சிக்கல் செல்போனில்தான் இருக்கிறது. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் இரண்டு சிம்மும் விழித்திருப்பது சும்மா இருக்கும்போது மட்டும்தான். ஒன்றில் பேசத் தொடங்கிவிட்டால் மற்றதற்கு அழைப்பவருக்குத் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற பதில் போவது சகஜம். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் செல்களும் உண்டு, தேடித்தான் வாங்க வேண்டும். அப்புறம், எங்கள் 0452 நம்பர் வாடிக்கையாளர்களின் பில் புத்தகத்தில் இருபது வருடமாக அச்சாகி வருகிறது. அதை விட மனசு வரவில்லை.

மூன்றாவது, ரெண்டு லைன் மேசை போன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காசை விட்டதும் இதில்தான்.

செட்டைப் பார்க்கும் முன் லைன் எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். இரண்டு லைன் ஒரே வயரில் வரும் முறையில் நான்கு இழை இருக்கும்: சிவப்பும் பச்சையும் முதல் லைன், கறுப்பும் மஞ்சளும் இரண்டாவது. நம் வீட்டுச் சுவர்ப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் உயிரோடு இருக்கும். எங்களுக்கோ செப்புக் கம்பியே போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் பெட்டிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு போன் துளை. சாக்கடைக்குத் தோண்டும்போது ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றது ஓடட்டும் என்ற கணக்கு. ஆகவே செட்டின் பின்னால் இரண்டு லைனுக்கும் சேர்த்து ஒரு துளை, இரண்டாவது லைனுக்கு மட்டும் தனியாக ஒரு துளை என்று இரண்டு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இரண்டு சாதாரண போன் வயரே போதும். ஒரே துளை உள்ள செட் என்றால் இரண்டு ஜோடியையும் ஒன்றாக்கும் சிறு கூட்டுப்பெட்டி தேட வேண்டும்.

இந்த ரகம் அதிகம் விற்பது அமெரிக்காவில். என் மச்சினன் அங்கிருந்து ஆசையாக ஒன்று கொண்டு வந்தான். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் பிளக்கில் 230. எழுத்தைப் படிக்காமல் செருகியது நான், எனவே பழியும் என்னுடையதே. அடாப்டரை மாற்றிய பிறகும் காலர் ஐடி வரவில்லை. அழைப்பவர் எண்ணை அனுப்ப நம் ஊரில் டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்று இரண்டு முறைகளும் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்கச் செட்டுக்கு அவர்கள் ஊர் எஃப்எஸ்கே முறை மட்டும்தான் புரியும். அட்டைப்பெட்டியில் இரண்டு பெயரும் போட்டிருக்கிறதா, 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். இன்னொன்று: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். திரையில் பத்து இலக்கம் மட்டும் விழுந்தால் ரீடயல் போகாது. ஒற்றைத் தொடு பட்டன்களிலும் 0 போட்டே பதிந்து வையுங்கள்.

வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. லைன் 1, லைன் 2 என்று இரண்டு பட்டன், விளக்கு மினுக்கினால் ஹோல்டில் இருக்கிறது, கான்ஃபரன்ஸ் அழுத்தினால் மூவரும் பேசலாம். என் மனைவி கையேட்டைத் திறக்கவே இல்லை.

குறை ஸ்பீக்கரில் இருக்கிறது. விலை குறைந்த செட்கள் எல்லாம் ஒரு வழிப் பாதை மாதிரி. எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அதற்கு வழிவிட்டு மறுபக்கத்தை அமுக்கும். அப்படிச் செய்யாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடும். மதுரைச் சித்திரை வெயிலில் மாடி அறையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியுமா? ஃபேன் காற்று மைக்கில் மோதும்போது நான் பேசிக்கொண்டிருப்பதாகப் போன் நினைத்துக்கொள்கிறது. மளிகைக்காரர் வாய் திறந்து, 'ஓ, அந்தப் பக்கம் பேசுகிறார்' என்று அதற்கு உறைத்துப் பாதையைத் திருப்புவதற்குள் முதல் எண் போய்விடும்.

இந்தத் தொல்லை இல்லாதது நான்காவது வழி, இணையம் வழியே பேசும் ஐபி போன். கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஎக்ஸ்பி1625 போன்றவற்றில் இரண்டு எஸ்ஐபி கணக்குகள் (இணைய போன் கணக்குகள்) போடலாம், அதாவது இரண்டு லைன். ஸ்பீக்கரில் என்ன போகிறது என்பது அதற்குத் தெரியும் என்பதால், மைக்கில் விழுவதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். குரலில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு ஃபைபர் இணைப்பின் குரல் கணக்கு பொதுவாக அந்தக் கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கும், எடுத்து உங்கள் போனில் போட முடியாது. அந்த லைனை ஐபி போனுக்குக் கொண்டுவர நடுவில் எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற மாற்றுப் பெட்டி வேண்டும். அதை அமைக்கத் தெரிந்தவரும் வேண்டும். மறுமுனை வைத்துவிட்டதை அது புரிந்துகொள்ள நம் ஊர் பிஸி டோனைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எஸ்ஐபி நம்பராகவே வாங்கியிருப்பவர்கள் யோசிக்காமல் ஐபி போன் வாங்கலாம்.

ஐந்தாவது, சின்ன இபிஏபிஎக்ஸ் பெட்டி, அதாவது வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். 206 என்றால் 2 லைன், 6 எக்ஸ்டென்ஷன். கீழே ஒன்று, மாடியில் ஒன்று, அழைப்பை மாற்றிவிடலாம், இன்டர்காமும் ஆச்சு. ரிப்பேருக்கு ஊரிலேயே ஆள் இருக்கிறார். நான்கு பேர் வேலை பார்க்கும் வீடு என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு பேருக்கு இது சுவரில் தொங்கும் இன்னொரு பெட்டி.

கரன்ட் விஷயத்தில் செல்லைத் தவிர மற்ற எல்லாமே ஒரே குட்டை. செப்புக் கம்பிக் காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்ததால் கரன்ட் இல்லாமலும் சாதாரண போன் பேசியது. இப்போது மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டி அணையும், கூடவே லைனும் போகும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ்ஸைப் போன் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். எங்களுக்குப் பெட்டிக்கு ஒன்றாக இரண்டு.

கடைசியில் நான் வாங்கியது ரெண்டு லைன் மேசை போன்தான், இரண்டாம் முறையாக. குரலில் இரண்டாமிடம் என்று தெரிந்தே வாங்கினேன். அதற்கு அறையை மாற்றினேன். மேசையை ஃபேனுக்கு நேர் கீழிருந்து நகர்த்தினேன். வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக எதிரொலித்த அறையில், போனுக்குப் பின்னால் சேலை அடுக்கும் அலமாரியைக் கொண்டுவந்து வைத்தோம், எதிரொலி பாதி குறைந்தது. மளிகைக்காரரிடம் ஒரு பழக்கமும் சொல்லிக்கொடுத்தேன்: "எண்ணுக்கு முன்னாடி 'நம்பர் வந்து'ன்னு ஆரம்பிங்கண்ணே." இப்போது போன் விழுங்குவது 'நம்பர்' என்ற சொல்லை.

வாங்கியது பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்டர்காம் விற்கும் ஒரு பழைய கடையில். பணம் கொடுக்கும் முன் அங்கிருந்தே வீட்டுக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, மனைவியை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லி நானும் கூடவே எண்ணினேன். இரண்டு எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் கேட்டால் அது இருவழி ஸ்பீக்கர். இதில் அவளுக்கு நான் சொன்னது அரைகுறையாகப் போனது, எனக்கு அவள் எண்ணிய பத்தில் ஆறு எண்கள் மட்டும் கேட்டன. தெளிவாகக் கேட்கட்டும் என்று கடைப் பையன் ஃபேனை அணைக்கப் போனான். அணைக்க வேண்டாம், அஞ்சில் வை என்றேன்.