முட்டைக் கருவும் தங்க ரேக்கும்: புதுச்சேரியில் ஒருநாள் ஓவிய வகுப்பு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதினாறு வருஷமாகத் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். புதுச்சேரி ஒயிட் டவுனில், ஒரு மாடி அறையில், இடைக்கால ஐரோப்பிய ஓவிய முறையைச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போன ஞாயிறு போய்வந்தேன். கட்டணம் 1,800 ரூபாய். பலகை, சாயம், தங்கத்தாள் எல்லாம் அவர்களே தருகிறார்கள்.

பலகையில் துணி ஒட்டி, தோல் பசையில் ஜிப்சம் குழைத்துப் பூசுவார்கள் என்று ஆசிரியை சொன்னதுமே எனக்கு மெய்சிலிர்த்தது. தஞ்சாவூர் பலகைக்கு நாங்கள் பூசும் புளியங்கொட்டைப் பசையும் சுக்கான்கல் பொடியும் அங்கே வேறு பெயரில் இருந்திருக்கின்றன! ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத்தாள், ஒட்டுவதுதான் வேறு மாதிரி. செம்மண் குழம்பு பூசி, காய்ந்தபின் நீர் தடவித் தங்கத்தாளை வைத்து, அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அடியிலிருக்கும் சிவப்பால் தங்கம் நன்றாகப் பழுத்துத் தெரிகிறது.

சாயத்துக்குப் பிடிமானம் முட்டையின் மஞ்சள் கரு. 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைநூலில், இளையவர் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு, வயதான மாநிறத்தவருக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்று இருக்கிறதாம். ஆசிரியை பண்ணை முட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த இரண்டு கிண்ணங்களுக்கே கொடுத்த காசு தகும்.

“எல்லாரும் அதே மாதாவையும் குழந்தையையும்தானே வரைந்தார்கள், இதில் கற்பனை எங்கே?” என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நான் வரையும் கிருஷ்ணனைப் பார்த்தும் இதையேதான் கேட்கிறார்கள். ஆசிரியை இரண்டு இத்தாலிய ஓவியர்களின் படங்களைக் காட்டினார். 1285இல் துச்சோவிடம் வரையச் சொன்ன மாதா; சுமார் 1310இல் ஜொத்தோ வரைந்த மாதா. இரண்டிலும் அதே அரியணை, அதே தங்கப் பின்னணி. துச்சோவின் படத்தில் ஆடையின் தங்கக் கரை ஆறுபோல வளைந்தோடுகிறது. ஜொத்தோவின் படத்தில் துணிக்குள் முழங்கால் தெரிகிறது, ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் கனம் தெரிகிறது. பையன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குறையும் உண்டு. பலகையை முன்பே பூசி வைத்துவிட்டார்கள். ஒரு பூச்சாவது எங்கள் கையால் போட விட்டிருக்கலாம். முகம் எழுத ஒரு மணி நேரம் போதவே போதாது. இதை இரண்டு நாள் வகுப்பாக்க வேண்டும்.

மழைக்காலத்தில் போகாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் செம்மண் காயாமல், என் மாதாவின் ஒளிவட்டம் ஓரத்தில் உரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கருவேலம்பிசின் வைத்து ஒட்டினேன். பிடித்துக்கொண்டது.